தூதரைக் கொல்லா மரபு: பன்னாட்டுச் சட்டத்தின் இடைக்காலத் தோற்றமும் கம்பன் தரும் சான்றும்

‘பன்னாட்டுச் சட்டம்’ என இன்று வழங்கும் தொடர் தமிழுக்குப் புதியது. ஆங்கிலத்திற்கும் அது மிகப் பழையதன்று. பெந்தம் என்னும் அறிஞர் 1789இல் வெளியிட்ட நூலிலேயே அம்மொழியில் அச்சொல் உருப்பெற்றது. எனினும் சொல் தோன்றுதற்கு முன்னரே பொருள் தோன்றியிருத்தல் கூடும் என்பதை யாரும் மறுப்பதிலர். அப்பொருள் எங்குத் தோன்றியது, எப்பொழுது தோன்றியது என்பதிலேதான் வழக்கு.

இவ்வழக்கில் இரு சாராரை யாம் காண்கின்றோம். ஒரு சாரார் ஒல்லாந்து நாட்டு அறிஞர் குரோசியசு 1625இல் வெளியிட்ட போர், அமைதி பற்றிய நூலையும், 1648ஆம் ஆண்டு வெசுட்பேலிய உடன்படிக்கையையும் தொடக்கமாகக் கொள்வர். சிறிது பின்னோக்கிச் செல்வோர், 1539இல் சாலமாங்காப் பல்கலைக் கழகத்தில் அமெரிக்கப் பழங்குடியினர் உரிமை பற்றி விரிவுரையாற்றிய விட்டோரியாவிடம் சென்று நிற்பர். மற்றொரு சாரார் நம்மவர். இவர்கள் திருக்குறளில் தூது என்னும் அதிகாரத்தையும், ஆவும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேர்க என்று போருக்கு முன் அறிவிக்கும் புறநானூற்றுப் பாட்டையும் எடுத்துக்காட்டி, அனைத்துலகச் சட்டம் முழுதும் சங்க காலத்திலேயே தமிழரிடம் நிறைந்து கிடந்தது என்பர். முதற் சாரார் கூற்றில் உள்ள குறையை உலகம் உணரத் தொடங்கிவிட்டது. 1951 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த அலெக்சாந்திரோவிச்சு, 1967இல் வெளியிட்ட நூலில், கீழைநாடுகளில் ஐரோப்பியர் புகுந்தபோது ஈண்டு முன்னரே நாடுகளுக்கிடையே நிலவிய ஒழுகலாறு ஒன்றனைக் கண்டனர் என்று நிறுவினார். நம்மவர் கூற்றில் உள்ள குறையை நாம்தாம் ஆராய்ந்து சொல்லுதல் வேண்டும். அதனைச் செய்தற்கே இக்கட்டுரை எழுந்தது.

சட்டம் என்று ஒன்றைச் சொல்லுதற்கு என்ன வேண்டும்? அறிவுரை சட்டமாகாது, அருளும் சட்டமாகாது. தமக்குமேல் ஒரு தலைவன் இல்லாத இரு வேந்தரிடையே ஒரு நெறி செல்லவேண்டும். அந்நெறி, ‘எனக்காக இரங்குக’ என்று வேண்டப்படாமல், ‘எங்கும் இதுவே வழக்கு’ என்று எடுத்துரைக்கப்படல் வேண்டும். மீறினவனைத் தண்டிக்க ஒரு மன்றம் இல்லையெனினும், மீறினான் என்னும் பெயர் அவனைத் தாக்கவேண்டும். இம்மூன்றும் உள்ளவிடத்தே, முளை அளவிலேனும், பன்னாட்டுச் சட்டம் உண்டு என யாம் கொள்கின்றோம்.

இவ்வளவுகோலைக் கொண்டு முதலில் குறளை நோக்குவோம். தூது என்னும் 69ஆம் அதிகாரம் யாரை நோக்கிப் பேசுகிறது? தூதனை நோக்கியும், அவனை விடுக்கும் வேந்தனை நோக்கியும் பேசுகிறது. அன்பு, அறிவு, ஆராய்ந்த சொல்வன்மை, அஞ்சாமை ஆகியவை தூதனுக்கு வேண்டுமென்று அது வகுக்கின்றது. பரிமேலழகரும் தானே வகுத்துச் சொல்லும் தூதனையும், பிறர் கூறியதைக் கூறும் தூதனையும் பிரித்து உரை காண்பர். ஆனால் தூதனை ஏற்கும் வேந்தன் என் செய்யக் கடவன் என்பதுபற்றி அவ்வதிகாரம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றியும், தன் உயிர்க்கு இறுதி வருமாயினும் தன் அரசனுக்கு நன்மை தேடுவதே தூது என்று அதிகாரம் முடிகின்றது. தூதன் கொல்லப்படுதல் நிகழக்கூடியது என்பதன்றோ இதன் உட்கிடை? தூதர் காப்புக்குச் சான்றாக இவ்வதிகாரத்தைக் காட்டுவோர் அதன் இறுதிக் குறளைப் படித்தாரல்லர் என்றே எண்ண வேண்டியுள்ளது. ஆசிரியர் அமைச்சின் இலக்கணம் கூறினாரேயன்றி நாடுகளின் வழக்குக் கூறினாரல்லர். கூறாதது அவர்க்குக் குறையும் அன்று.

சங்க நூல்களில் இப்பொருளுக்கு மிக அணியதாகிய நிகழ்ச்சி யாம் வாழும் பாலக்கரைக்கு அண்மையில் உள்ள உறையூரில் நிகழ்ந்தது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடி அவனைக் காத்தார். புறநானூறு 47ஆம் பாட்டின் கொளு இதனைத் தெரிவிக்கின்றது. அப்புலவர் எவ்வாறு வாதிட்டார் என்பது நோக்கற்பாலது. புலவர் வாழ்வு பரிசில் வாழ்வு. பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டி மகிழ்வரேயன்றிப் பிறர்க்குத் தீங்கு எண்ணார். தம் கலையில் மாறுபட்டாரை வெல்வதே அவர் அறிந்த பகை. இவ்வாறு சொல்லி நெடுங்கிள்ளியின் மனத்தை அவர் மாற்றினார். வாதம் அழகியது, பயனும் விளைந்தது. எனினும் அது புலவரின் இயல்பைக் காட்டும் வாதமேயன்றி, ‘பகைநாட்டிலிருந்து வந்தவனைக் கொல்லுதல் எந்த வேந்தர்க்கும் வழக்கன்று’ என்னும் வாதம் அன்று. இளந்தத்தன் புலவன் அல்லாமல் வணிகனாகவோ ஏவலனாகவோ இருந்திருப்பின் கோவூர்கிழார் சொற்கள் அவனுக்குத் துணை நின்றிரா. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம்.

கம்பன் இராமகாதை அரங்கேறியதாக மரபு கூறும் மண்டபம் திருவரங்கக் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ளது. கம்பன் காலம் 9ஆம் நூற்றாண்டா, 12ஆம் நூற்றாண்டா என்னும் பூசலில் யாம் ஈண்டுப் புகவில்லை. பின்னதே பொருந்தும் என்பது எம் கருத்து. முன்னதே எனினும் இக்கட்டுரையின் முடிபு மாறாது. சுந்தர காண்டத்துப் பிணிவீட்டு படலத்தில் அனுமன் கட்டுண்டு இராவணன் அவையில் நிற்கின்றான். தான் தூதன் என்று அவன் அறிவித்ததும் இராவணன் கேட்கும் வினா ஒரு வழக்கறிஞன் வினா: தூதனாயின் அரக்கரைக் கொன்றது ஏன்? தூதன் தன் எல்லையைக் கடந்தால் அவனுக்குரிய காப்பு நிற்குமா என்பதே இதன் பொருள். அனுமன் விடையும் அவ்வளவு கூரியது. உன்னைக் காட்டுவார் இன்மையால் காவை அழித்தேன். என்னைக் கொல்ல வந்தாரைக் கொன்றேன். அதன்பின் அடங்கி வந்தது உன்னைக் காண வேண்டும் என்னும் எண்ணத்தால் என்கின்றான். தற்காப்பு, தூதின் தேவை என்னும் இரண்டையும் அவன் ஒருங்கே காட்டிவிட்டான். இராவணன் இதனை ஏலாமல் கொல்க என்று ஆணையிடுகின்றான். அப்பொழுது வீடணன் எழுகின்றான்.

வீடணன் உரை சில பாடல்களே. ஆயினும் அவற்றின் வைப்புமுறை வியக்கத்தக்கது. முதலாவதாக, நிலப்பரப்பிலும் அண்டத்தின் உள்ளும் புறமும் வேறு வேறு இடங்களில் ஆண்ட வேந்தருள், பெண்டிரைக் கொன்றவர் உளர் என்று சொல்ல நேரினும், வந்த தூதரைக் கொன்றவர் யாவர் உளர் என்று வினவுகின்றான். பெண்கொலை நம் நூல்கள் யாவும் பெரும்பழியாகக் கருதுவது. அப்பழியைச் செய்தவரையேனும் காட்டலாம். இதனைச் செய்தவரைக் காட்ட இயலாது என்கின்றான். அறநூல் ஒன்றனை அவன் மேற்கோள் காட்டவில்லை. வேந்தர்தம் நடைமுறையையே சான்றாக நிறுத்துகின்றான். அதுவும் ஒரு குலத்தார் நடைமுறையன்று, வேறு வேறு இடத்தார் நடைமுறை. இரண்டாவதாக, தூதனது தொழிலை வரையறுக்கின்றான்: பகைவர் நிலத்தை அடைந்து, தன்னை விடுத்தார் சொன்னதைச் சொல்லி, மெய்யை உரைத்தலையே நோன்பாகப் பூண்டவன் அவன். சொல் அவனுடையதன்று, ஆதலின் சொல்லுக்குரிய சினமும் அவனைச் சாராது. மூன்றாவதாக, மீறினால் வரும் விளைவைக் கூறுகின்றான். நரகம் என்றானல்லன், நகை என்றான். தக்கோர் நகைப்பர், நம்மைப் பொறாத தேவர்களும் நகைப்பர். இறுதியாக, பகைவர் நம் தங்கையைக் கொல்லாமல் உறுப்பறுத்து, நிகழ்ந்ததைப் போய்ச் சொல் என்று விடுத்தனர். நாம் இவனைக் கொன்றால் இவன் கண்டதைச் சென்று உரைக்கவொட்டாமல் செய்தவராவோம் என்கின்றான்.

யாவர்க்கும் பொதுவாகிய வழக்கு, தூதனது தொழிலின் தன்மை, மீறினார்க்கு வரும் இழிவு, எதிர்ப்பக்கத்தார் நம்மிடம் நடந்துகொண்ட முறை என நான்கு வேறு நிலைகளில் வாதம் செல்கின்றது. இன்றைய சட்ட நூலார் வழக்காற்றுச் சட்டத்துக்குச் சொல்லும் உறுப்புகளுள் இவற்றினும் வேறாக எஞ்சுவன சிலவே. மேலே யாம் வகுத்த மூன்று அடையாளங்களும் ஈண்டு உள்ளன. கோவூர்கிழாரின் வாதத்தில் இவை இல்லை. இடையில் ஏதோ ஒன்று மாறியுள்ளது.

அதே காலப்பகுதியில் மேலைநாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செவில் நகர் இசிதோர், மக்களினங்களின் பொதுச் சட்டம் என்று ஒன்றனை வரையறுத்து, அதன் உறுப்புகளை எண்ணுமிடத்துப் போர், உடன்படிக்கை, போர்நிறுத்தம் இவற்றோடு தூதரைத் துன்புறுத்தாமையையும் எண்ணினார். ஏறத்தாழ எல்லா இனத்தாரும் கைக்கொள்வதனால் அப்பெயர் பெற்றது என்று காரணமும் கூறினார். அப்பகுதியை 1140ஐ ஒட்டிப் போலோஞா நகரத்துக் கிரேசியன் தம் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எடுத்து வைத்தார். அத்தொகுப்பே பல நூற்றாண்டு மேலைநாட்டுப் பல்கலைக் கழகங்களில் பாடநூலாயிற்று. எம் பாலக்கரையில் ஓங்கி நிற்கும் உலக மீட்பர் பசிலிக்கா அச்சட்ட மரபின் வழிவந்த சபையினது. ஆற்றுக்கு அப்பால் கம்பன் மண்டபம். இசிதோர் ‘ஏறத்தாழ எல்லா இனத்தாரும்’ என்றதும், வீடணன் ‘வேறு வேறு இடத்து வேந்தர்’ என்றதும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். ஒருவர் மற்றவரைப் படித்தாரல்லர். பல அரசுகள் ஒன்றையொன்று வெல்ல முடியாமலும், ஒன்றையொன்று விட முடியாமலும் வாழ்ந்த காலம் அது. அவ்விரு நிலத்திலும் அந்நிலையே இக்கருத்தைப் பிறப்பித்தது என்பது எம் துணிபு.

இங்கே ஒரு தடை எழும். வீடணன் உரை வான்மீகியிலும் உண்டே. கம்பன் மொழிபெயர்த்தான் என்பதன்றி வேறென்ன என்பர். வான்மீகியில் உண்டு, ஆனால் அங்கே வீடணன் தூதனுக்குரிய தண்டங்களையும் எண்ணிச் சொல்கின்றான். உறுப்பைச் சிதைத்தல், கசையால் அடித்தல், தலையை மழித்தல், அடையாளச் சூடிடல் ஆகியவை ஆகும். கொலை மட்டும் ஆகாது. இப்பட்டியலைக் கம்பன் விட்டுவிட்டான். பட்டியல் இருக்குமிடத்து, வாலில் தீயிடுதல் நூல் விதித்த தண்டத்தின் வகையாகிவிடும். இராவணன் சட்டத்தின் எல்லைக்குள் நின்றவனாவான். பட்டியல் இல்லாதவிடத்து அது இராவணனது தனிக் கொடுமையாகவே நிற்கும். கொல்லுதல் பழுது என்று தம்பியின் சொல்லை ஒப்பிய அதே நாவால் தீயிடுக என்கின்றான். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரைப் போக்குவார் எக்காலத்தும் உளர் என்பதைக் கம்பன் அறிந்திருந்தான் போலும்.

இது வெறும் காவிய நயம் அன்று என்பதற்குச் சோழர் வரலாறே சான்று தருகின்றது. முதல் இராசாதிராசனின் (1018–1054) மெய்க்கீர்த்தி, சளுக்கிய ஆகவமல்லன் பக்கலிலிருந்து வந்த ஆட்கள் இருவரைச் சோழன் நடத்திய வகையைப் பெருமையாகப் பேசுகின்றது. ஒருவனுக்கு ஐங்குடுமி வைத்தும், மற்றவனுக்குப் பெண்ணுடை உடுத்தியும், ஆகவமல்லன், ஆகவமல்லி என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்பினராம். கொல்லவில்லை, ஆயின் மானத்தைக் கொன்றனர். சோழப் பெருமை பேசுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். யாம் கடக்க விரும்பவில்லை. கொல்லாமை வழக்காகி நிலைத்திருந்தமையும், அவ்வழக்கு அதற்குமேல் செல்லாமையும் இதனால் ஒருங்கே விளங்குகின்றன. சோழநாட்டில் பிறந்த கம்பன் இந்நிகழ்ச்சியை எண்ணியே பட்டியலை விலக்கினான் எனல் மிகை. ஆனால் தூதனை இழிவுசெய்து விடுத்தலை அரசவை புகழாகக் கல்லில் வெட்டிய நாட்டில், அச்செயலை இராவணன் தலையில் ஒரு புலவன் ஏற்றினான் என்பது மட்டும் உண்மை.

தூதரினும் எளியர் வணிகர். தூதன் பின்னே ஒரு வேந்தன் நிற்கின்றான். புயலில் கலம் உடைந்து வேற்று நாட்டுக் கரையில் ஒதுங்கிய வணிகன் பின்னே யாருமிலர். உடைந்த கலத்தின் பொருள் கரைக்குரிய அரசனுக்கே என்பது பண்டை உலகில் பரவியிருந்த கொள்கை. இதனை வரையறுத்த மிக அரிய ஆவணம் ஒன்று தமிழில் உள்ளது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்ட நயினாதீவுக் கல்வெட்டே அது. அறிஞர் இந்திரபாலா அதனைப் பதிப்பித்து ஆராய்ந்துள்ளார். சிங்கள வேந்தன் ஒருவன் ஊராத்துறைத் துறைமுகத்துக்குத் தமிழில் ஆணை விடுத்தான் என்பதே முதற்கண் கருதத்தக்கது. கடல் வணிகத்தின் சட்டமொழி அக்கரையில் தமிழாக இருந்தது. பரதேசிகள் வந்து தங்குதல் வேண்டும், அவர்க்குக் காப்பு வேண்டும் என்று அது தொடங்குகின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் ஆகும். வணிகக் கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வானுக்கு மிகுதியான சலுகை தந்தமையால், இதனைத் தூய அருட்செயல் எனக் கொள்ளுதற்கில்லை. வேந்தன் தன் நலத்தைக் கணக்கிட்டே விதித்தான். யாம் இதனை இழுக்காகக் கருதவில்லை. தன்னலத்தைக் கணக்கிட்டுத் தன் கையையே கட்டிக்கொள்ளும் அரசன், இரக்கத்தால் ஒருநாள் கொடுப்பவனைவிட வணிகனுக்கு நம்பத்தக்கவன். மேலும், ஆணையைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தான்; மறைவாக மாற்றுதற்கு இடமில்லை.

அதே தலைமுறையில், 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், கலம் உடைந்த கிறித்தவரைக் கொள்ளையிடுவோரைச் சபையினின்று விலக்கியது. காப்பு அங்கே சமயத்தார்க்கு மட்டும். ஊராத்துறையில் பரதேசி என்பதே போதியதாயிருந்தது. இங்கிலாந்து 1275இல் செய்த சட்டம், மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பிய கலத்தை உடைகலம் எனக் கொள்ளலாகாது என்றது; பூனைக்குக் கிடைத்த சட்டத் தகுதி எண்ணி மகிழத்தக்கது. தெலுங்கு நாட்டில் 1244இல் காகதீயக் கணபதிதேவன் மோட்டுப்பள்ளியில் வெட்டுவித்த அபய சாசனம், முன்னை அரசர் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருள்களை வலிந்து கவர்ந்தனர் என்று வெளிப்படையாகச் சொல்லி, தான் முறையான சுங்கம் தவிர வேறு கொள்வதில்லை என உறுதி கூறுகின்றது. பராக்கிரமபாகுவின் கூற்றுப் பங்கீட்டைவிட இது மேற்பட்டது. ஈழத்தில் கூறு பிரித்த வழக்கு வளர்ந்து, அடுத்த நூற்றாண்டில் வங்கக் கடற்கரையில் சுங்கமாகச் சுருங்கியது என ஒரு தொடர்ச்சி காட்டலாமா? காட்ட ஆசை உண்டு. ஆனால் இரண்டையும் இணைக்கும் சான்று இன்றி அவ்வாறு எழுதுதல் ஆராய்ச்சி ஆகாது.

ஆனைமங்கலச் செப்பேடுகளையும் ஈண்டு ஒருவாறு நோக்கல் வேண்டும். கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அளித்தான். மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் நிலைநாட்டினான். அவ்விராசேந்திரனே 1025ஐ ஒட்டிக் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தினான். ஆதலின் உடன்பாடு எங்கே என்று கேட்போர் கேட்கலாம். ஆனால் 1090இல் முதற் குலோத்துங்கன் கடாரத்தரசன் தூதர் இருவர் வேண்டியதன்பேரில் அவ்விகாரத்தின் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரி நீக்கி ஆணை தந்தான். போர் நடந்தும் வேற்று நாட்டார் அறநிலையத்தின் உடைமை அழியவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது. இவ்வேடுகள் நெடுங்காலம் இருந்தது இலெய்டன் பல்கலைக் கழகத்தில். குரோசியசு தம் பதினோராம் வயதில் மாணவராகப் புகுந்ததும் அங்கேதான். ஏடுகள் அவர் காலத்துக்குப் பின்னரே அங்குச் சென்றன. முன்னரே சென்றிருப்பினும் படித்துக் காட்டுவார் இருந்திரார்.

மீண்டும் கம்பனிடம் வருவோம். யுத்த காண்டத்தில் இராமன் போர் தொடங்குமுன் இன்னொரு தூது விடுக்க எண்ணுகின்றான். இலக்குவன் வேண்டா என்கின்றான்; இராமன் அதுவே நீதி என்று துணிகின்றான். யாரை விடுப்பது? அனுமனையே மீண்டும் விடுத்தால் வேறு வலியார் இவரிடம் இலர் என்று பகைவர் எண்ணுவர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் எம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது: பகைவர் வன்முறை செய்யினும் தீங்கின்றி மீளவல்லவன் அங்கதன் என்று இராமன் கூறுகின்றான். தூதரைக் கொன்றார் எவருமிலர் என்று வீடணன் முன்பு இலங்கை அவையில் முழங்கினான்; அவ்வீடணன் இப்பொழுது இராமன் பக்கத்திலேயே நிற்கின்றான். நின்றும், வழக்கை மட்டும் நம்பி ஒருவனை விடுக்க இராமன் துணியவில்லை. அவன் ஐயம் பிழையாகவும் இல்லை. அங்கதன் உரை கேட்ட இராவணன், பற்றி நிலத்தில் மோதுக என்று நால்வரை ஏவுகின்றான். அங்கதன் அந்நால்வரையும் கொன்று மீள்கின்றான். முன்னைத் தூதில் கொலையைத் தடுத்தது அவையில் எழுந்த ஒரு குரல். இம்முறை அவை அதே அவை, அரசன் அதே அரசன். எழுந்து முன்னை வழக்கை எடுத்துச் சொல்லவேண்டியவன் மதிலுக்கு வெளியே இருந்தான்.